இரட்சிக்கும் விசுவாசம்: எந்த விளக்கத்தை ஏற்பது?

பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் நடுராத்திரியில் கேட்ட கேள்வி நேரடியானது: "ஆண்டவன்மாரே, இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" வந்த பதிலும் அப்படித்தான்: "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" (அப்போஸ்தலர் 16:31). பவுலும் சீலாவும் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் வசனத்தைப் போதித்தார்கள், அந்த ராத்திரியிலேயே அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். விடிவதற்குள் முடிந்துபோன காரியம். ஆனால் அந்த "விசுவாசி" என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்பதில் சபைகள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

ஞானஸ்நான வகுப்பு எடுப்பவர், வேறு சபைக்குப் போகலாமா என்று யோசிப்பவர், "நான் நிஜமாகவே இரட்சிக்கப்பட்டேனா" என்று தூக்கத்தைத் தொலைத்தவர் என எல்லாருமே இதில் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டியிருக்கிறது. யார் கையில் அதிக வசனம் என்று எண்ணிப் பார்த்து முடிவுக்கு வர முடியாது, எல்லார் கையிலும் வசனம் இருக்கிறது. அதனால் நான் வேறொரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். ஒருவனுக்குச் சந்தேகம் வந்து உலுக்கும்போது இந்த விளக்கம் அவனை எங்கே பார்க்கச் சொல்கிறது? மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும் விளக்கங்கள்கூட இந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன.

முதலில் பவுல், யாக்கோபு விவகாரம்

எந்தப் பக்கம் போனாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். பவுல் ரோமர் 3:28-இல், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று தீர்க்கிறார். யாக்கோபு 2:24, மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. இரண்டு பேரும் சாட்சிக்குக் கூப்பிடுவது ஒரே ஆளை, ஆபிரகாமை. இரண்டு பேரும் எடுத்துக்காட்டுவது ஒரே வசனத்தை, ஆதியாகமம் 15:6. 1522-இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதியது இந்த எரிச்சலில்தான். பிந்தைய பதிப்புகளில் அந்த வார்த்தை காணாமல் போனது.

ஆபிரகாமின் வாழ்க்கையை வரிசைப்படுத்திப் பார்த்தால் முடிச்சு கொஞ்சம் தளரும். 15-ஆம் அதிகாரத்தில் அவர் கர்த்தரை விசுவாசிக்கிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86. விருத்தசேதனம் 99 வயதில், ஈசாக்கு பிறப்பது 100 வயதில். 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலியிட மோரியா மலைக்குப் போகும்போது அவன் விறகைச் சுமக்கிற பையன். அப்படியானால் 15-ஆம் அதிகாரத்துக்கும் 22-ஆம் அதிகாரத்துக்கும் நடுவே மிகக் குறைவாகப் பார்த்தாலும் இருபது வருஷமாவது போயிருக்க வேண்டும். பவுல் நிற்பது ஆரம்பத்தில். விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா என்று ரோமர் 4:10-இல் வேண்டுமென்றே கேட்டு, "முன்பு" என்று பதில் வாங்குகிறார். யாக்கோபு நிற்பது மோரியாவில். அங்கே நடந்ததால் பழைய வேதவாக்கியம் "நிறைவேறிற்று" என்கிறார் (2:23). வெறும் கையோடு தேவனிடம் வந்தவன் எப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டான் என்பது பவுலின் பிரச்சினை. பசியோடு நிற்கும் சகோதரனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்கிறவனிடம் இருப்பது விசுவாசம்தானா என்பது யாக்கோபின் பிரச்சினை.

இதற்கு நடுவில் இருப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 16-ஆம் அதிகாரத்தில், வேலைக்காரி ஆகாரிடம் பிள்ளை பெற்ற விவகாரம். 20-ஆம் அதிகாரத்தில், மனைவி சாராளைச் சகோதரி என்று சொல்லி ராஜாவான அபிமெலேக்கின் வீட்டுக்குப் போகவிடுகிறார், அதுவும் எகிப்தில் ஒருமுறை இதே காரியத்தைச் செய்து அவமானப்பட்ட பிறகு. அந்த நாளில் ஆபிரகாமை மட்டும் பார்த்து அவருடைய விசுவாசத்தை அளந்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஒப்புக்கொண்டால் போதும் என்பவர்கள்

சுவிசேஷம் சொல்வது உண்மை என்று மனம் ஏற்றுக்கொண்டால் அதுவே விசுவாசம், அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் அது கிரியைதான். இதை மிகக் கறாராகச் சொன்னவர் 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் சாண்டிமன். வெறும் உண்மையை வெறுமனே நம்புவது என்பது அவருடைய சூத்திரம். (மின்சாரத்தில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே லண்டனில் இந்தச் சிறு சபையில்தான் மூப்பராக இருந்தார்.) 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் டல்லஸில் புதிய ஏற்பாடு கற்பித்த சேன் ஹாட்ஜஸ் இதற்கு நெருங்கிய ஒன்றை வாதாடினார்.

இவர்களைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. யோவான் தன் சுவிசேஷத்தின் நோக்கத்தை 20:31-இல் சொல்லும்போது, இயேசு தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிப்பதையும் ஜீவனை அடைவதையும் நேராக இணைக்கிறார், நடுவே வேறு நிபந்தனை வைக்கவில்லை. கிருபையில் யாரும் கை வைக்கக் கூடாது என்ற இவர்களுடைய பதற்றமும் வேதத்துக்கு உரியதே.

இடறும் இடம் யாக்கோபு 2:19: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. தேவன் ஒருவர் என்பதை மட்டும்தானே அவை நம்புகின்றன, சுவிசேஷத்தை அல்லவே என்பது இவர்களுடைய பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாற்கு 1:24-இல் அசுத்த ஆவி பிடித்தவன் ஜெப ஆலயத்தில் கத்துவதைக் கவனியுங்கள். "உம்மை இன்னார் என்று அறிவேன், நீர் தேவனுடைய பரிசுத்தர்." சுற்றி இருந்தவர்களைவிடச் சரியான அறிக்கை அது. தகவலில் குறை இல்லை. குறை அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருக்கிறது: "எங்களுக்கும் உமக்கும் என்ன?" அவர் யார் என்பது தெரியும், அவர் வேண்டாம்.

சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான் என்றே லூக்கா எழுதுகிறார் (அப்போஸ்தலர் 8:13). கொஞ்ச நாளில் பணத்தைக் கொண்டுவந்து ஆவியின் வல்லமைக்கு விலை பேசுகிறான், உன் இருதயம் தேவனுக்குமுன்பாகச் செம்மையாயில்லை என்று பேதுரு முகத்துக்கு நேரே சொல்கிறார். யோவான் 2:23-25-இலும், அற்புதங்களைக் கண்டு விசுவாசித்த பலரை இயேசு நம்பி இணங்கவில்லை. விசுவாசம் என்ற பெயரில் வருவது எல்லாம் இரட்சிக்கிற விசுவாசமாக வேதத்துக்குள்ளேயே எண்ணப்படவில்லை.

சந்தேகம் வந்தால் இந்த விளக்கம் எங்கே பார்க்கச் சொல்கிறது? நான் ஒப்புக்கொண்ட வாக்கியத்தை. நடைமுறையில் அது இன்னும் சுருங்கிப்போகிறது: "அந்தக் கூட்டத்தில் கை தூக்கினேன், அந்தத் தேதியில் ஜெபத்தைச் சொன்னேன்." சாண்டிமன் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், ஆனால் ஜனங்கள் வந்து நிற்பது அங்கேதான். தன் ஞாபகத்தின்மேல் விசுவாசம் வைப்பதாக அது முடிகிறது.

கீழ்ப்படியாவிட்டால் அது விசுவாசமே இல்லை என்பவர்கள்

1988-இல் கலிஃபோர்னியாப் போதகர் ஜான் மெக்கார்தர் நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தார். மனந்திரும்புதலும் கிறிஸ்துவின் கர்த்தத்துவத்துக்கு ஒப்புக்கொடுப்பதும் விசுவாசத்துக்குள்ளேயே அடங்கியவை, இரட்சகராக மட்டும் ஏற்றுக்கொண்டு கர்த்தராக ஏற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது என்றார். அடுத்த வருஷமே ஹாட்ஜஸ் மறுப்பு எழுத, அமெரிக்கச் சபைகளில் சூடான விவாதம் மூண்டது. மெக்கார்தர் கிரியையினால் இரட்சிப்பு என்று சொன்னதாகச் சிலர் இன்றும் பேசுகிறார்கள், அது தவறு. அவர் சொன்னது விசுவாசத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி. 1937-இல் ஜெர்மனியில் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்று எழுதியதும் இந்தப் பக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது.

வசன ஆதாரம் கனமானது. "கர்த்தாவே! கர்த்தாவே!" என்பவனெல்லாம் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதில்லை (மத்தேயு 7:21). ஐசுவரியவானான வாலிபன் துக்கத்தோடே போகும்போது இயேசு அவனைக் கூப்பிட்டு, உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற நிபந்தனையைத் தளர்த்தவில்லை. கர்த்தராகிய இயேசுவை வாயினாலே அறிக்கையிட்டால் என்றுதான் ரோமர் 10:9-உம் தொடங்குகிறது. மெத்தனமாக இருப்பவனை எழுப்ப இதைவிட நல்ல மருந்து இல்லை.

என் சங்கடம் அளவைப் பற்றியது. எவ்வளவு ஒப்புக்கொடுத்தால் ஒப்புக்கொடுத்ததாகும்? இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் எதை ஒப்புக்கொடுத்தான்? பேதுரு மூன்று தரம் மறுதலித்த அந்த ராத்திரியில் அவருடைய கீழ்ப்படிதல் எங்கே இருந்தது? ஆனால் லூக்கா 22:32-இல் இயேசு முன்பே சொல்லியிருந்தார்: "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்." நடத்தை தரைமட்டமான அதே மணி நேரத்திலும் விசுவாசம் ஒழியவில்லை, அவருடைய வேண்டுதல் அதைத் தாங்கியது. ஆபிரகாமின் 20-ஆம் அதிகாரமும் இதே கதைதான்.

இந்த விளக்கம் கண்ணைத் தன் வாழ்க்கையின்மேல் திருப்புகிறது. அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள் என்று பவுலே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 13:5). ஆனால் இதில் ஒரு விபரீதம் உண்டு. அலட்சியமாக இருப்பவன் தன்னைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறான், மனசாட்சி மென்மையாக இருப்பவன் பார்த்துப் பார்த்து உடைந்துபோகிறான். யாருக்காக இந்த மருந்து செய்யப்பட்டதோ அவன் அதைக் குடிப்பதில்லை.

கத்தோலிக்கப் போதனை

புராட்டஸ்டன்ட் மேடைகளில் இது பெரும்பாலும் கார்ட்டூனாகத்தான் வருகிறது. "அவர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்து வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் சொந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. விசுவாசம் இரட்சிப்பின் தொடக்கம், அஸ்திவாரம், வேர் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. ஒன்பதாவது விதிதான் "விசுவாசத்தினாலே மாத்திரம்" என்பதை மறுக்கிறது.

இவர்களைப் பொறுத்தவரை விசுவாசம் அன்பினால் உயிர் பெற வேண்டும். கலாத்தியர் 5:6-இன் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்", மலைகளைப் பேர்க்கிற விசுவாசம் இருந்தும் அன்பு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்னும் 1 கொரிந்தியர் 13:2, இவைதான் அச்சாணி. நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்போடு நிற்பதில்லை, மனிதனை உள்ளே புதுப்பிக்கிற செயலாகத் தொடர்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் வேறு பாதையில் இதற்குப் பக்கத்தில் வருகின்றன.

வேறுபாடு இன்று பழைய உயரத்தில் இல்லை. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினாலேயே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தினால் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் அதில் இணைந்தன. எல்லாச் சபைகளும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறமும் மிஞ்சுவது நிச்சயத்தைப் பற்றிய கேள்வி. தான் கிருபை பெற்றுவிட்டதைத் தவறவே முடியாத நிச்சயத்தோடு யாரும் அறிய முடியாது என்று திரெந்து சொன்னது. சந்தேகப்படுகிறவனை இந்தப் போதனை திருவருட்சாதனங்களிடமும் (நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்றவை) திருச்சபையின் கையிலும் சேர்க்கிறது. தனியாகத் தன் மனசோடு மல்லுக்கட்ட விடாமல், வெளியே தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுக்கிறது. அதன் இதத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்த இதம் அடுத்த பாவம் வரைக்கும்தானா என்ற கேள்வி கூடவே வருகிறது.

என் தெரிவு: அவரைச் சார்ந்து நிற்பது

சீர்திருத்தக் காலத்து ஆசிரியர்கள், லூத்தரின் தோழர் மெலாங்க்தனிலிருந்து தொடங்கி, விசுவாசத்தில் மூன்றைப் பார்த்தார்கள்: அறிவது, உண்மை என்று ஒப்புவது, அந்த ஆளை நம்பிச் சார்வது. முதல் இரண்டும் பிசாசுகளுக்கும் உண்டு. மூன்றாவதுதான் விசுவாசத்தை இரட்சிக்கிற விசுவாசமாக்குகிறது. சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான 1563-இன் ஹைடல்பெர்க் வினாவிடை 21-ஆம் கேள்விக்கு இதைத்தான் சொல்கிறது: அறிவு மட்டும் அல்ல, மற்றவர்களுக்கு மாத்திரமல்ல எனக்கும் பாவமன்னிப்பு கொடுக்கப்பட்டது என்ற இருதயப்பூர்வமான நம்பிக்கையும்கூட. 1646-இல் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, கிறிஸ்துவை ஏற்பதும் பெறுவதும் அவர்மேல் சாய்வதுமே இதன் முக்கியச் செயல்கள் என்றது.

நாற்காலியில் உட்காருவதுதான் விசுவாசம் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டுவதில்லை, நாற்காலி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இயேசுவே கொடுத்த உதாரணம் அதைவிட நல்லது. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைப் பார்த்துப் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21:9). அப்படியே மனுஷகுமாரனும் உயர்த்தப்படவேண்டும் என்கிறார் (யோவான் 3:14). கடிபட்டவன் தன் பார்வையின் கூர்மையைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை, காயம் எவ்வளவு ஆறியது என்று குனிந்து பார்ப்பதும் அவன் வேலையாக இல்லை. மங்கலான கண்ணோடு பார்த்தவனும் பிழைத்திருப்பான்.

நான் இதைத் தெரிந்துகொள்வதன் காரணம் இதுதான். மற்ற விளக்கங்கள் சந்தேகப்படுகிறவனை அவன் ஒப்புக்கொண்ட வாக்கியத்துக்கோ, அவன் வாழ்க்கைக்கோ, அவன் பங்குபெறும் சாதனத்துக்கோ அனுப்புகின்றன. இது நேராகக் கிறிஸ்துவிடம் அனுப்புகிறது. "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்" என்று பவுல் சாவுக்குப் பக்கத்தில் எழுதும்போது (2 தீமோத்தேயு 1:12) தன் விசுவாசத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று தன் பிள்ளைக்காகக் கதறிய தகப்பனின் கலப்படமான விசுவாசத்துக்கும் பதில் வந்தது (மாற்கு 9:24). "அடியேனை நினைத்தருளும்" என்ற கள்ளனிடம் இருந்ததும் ஒரு வேண்டுகோள் மட்டும்தான். அறிவு கொஞ்சம், கிரியை செய்ய நேரமே இல்லை, ஆனால் முழு பாரத்தையும் பக்கத்தில் தொங்குகிறவர்மேல் போட்டுவிட்டான்.

அப்படியானால் யாக்கோபு என்ன ஆனார்? ஒருவரை நம்பிச் சார்ந்தவன் அவர் சொல்வதைக் காற்றில் விட முடியாது. நான் என் வைத்தியரை முழுசாக நம்புகிறேன், ஆனால் மருந்தைத் தொடமாட்டேன் என்பவன் நம்புவது வேறு எதையோ. லூத்தரே ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்க அதற்குத் தெரியாது என்று எழுதினார். 1738 மே 24-இல் லண்டனில், மெதடிஸ்ட் இயக்கத்தின் ஸ்தாபகர் ஜான் வெஸ்லி கேட்டுக்கொண்டிருந்ததும் அந்த முன்னுரையைத்தான். கிறிஸ்துவை, கிறிஸ்துவை மாத்திரமே இரட்சிப்புக்கு நம்புகிறேன் என்று அன்றைக்கு உணர்ந்ததாக அவர் பதிவு செய்தார். அதற்குப் பிறகு அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது உலகுக்கே தெரியும். வெஸ்ட்மின்ஸ்டர் இதைச் சுருக்கமாக வைக்கிறது: நீதிமானாக்கப்படுவதற்கு விசுவாசமே ஒரே கருவி, ஆனால் நீதிமானாக்கப்பட்டவனிடம் அது தனியாக இருப்பதில்லை.

ஞானஸ்நான வகுப்பில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன கேட்கலாம்? "எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பது எனக்கு அவ்வளவு பயன்படாத கேள்வி. "தேவனுக்கு முன்னால் நிற்க யாரை நம்பியிருக்கிறீர்கள்" என்று கேட்டால் நிறைய வெளிவரும். "நான் நல்லவன்தானே" என்று வந்தாலும், "ஜெபம் சொல்லிவிட்டேனே" என்று வந்தாலும் அங்கே வேலை இருக்கிறது. தெரிந்தே ஒரு பாவத்தில் சௌகரியமாக இருந்துகொண்டு கிருபையைப் பற்றிப் பேசுகிறவரிடம் மட்டும் மெக்கார்தரின் வசனங்களை எடுத்து வைப்பேன். தன்னைத் தானே கிழித்துக்கொண்டிருக்கிறவரிடம் அவற்றை எடுக்கவே மாட்டேன். அவருக்கு 1 யோவான் 3:20 போதும்: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்.

இந்தத் தெரிவு எல்லா வசனத்தையும் வசதியாக உட்காரவைக்கிறது என்று சொல்ல மாட்டேன். எபிரெயர் 6:4-6 உறுத்துகிறது. ஒருதரம் பிரகாசிக்கப்பட்டு, பரமஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்று, பிறகு மறுதலித்துப் போனவர்கள். இவர்கள் ஆரம்பத்திலிருந்தே உண்மையாக விசுவாசிக்காதவர்கள் என்று சீர்திருத்தச் சபையார் விளக்குகிறார்கள். வர்ணனையைப் படித்தால் வெஸ்லி சொன்னதுதான், அதாவது உண்மையான விசுவாசத்தையும் ஒருவன் கைவிட்டுவிட முடியும் என்பதுதான், அந்தப் பகுதிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. மூன்று வசனம் தள்ளி, "இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்" என்று அதே ஆசிரியர் தன் வாசகர்களைத் தேற்றுகிறார். இந்த ஒரு பகுதியில் நான் வெஸ்லி பக்கம் சாய்கிறேன், அதற்காக, தம்முடைய ஆடுகளை ஒருவரும் தம் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 10:28-ஐ விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.